பாதயாத்திரை முகாமில் ஈசிஜி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஊர்களில் பழனிப் பேச்சுதான். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாக நடக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் நடந்து பழகுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களும் அவர்களில் நிறையப் பேர். அவர்களுக்காக அங்கங்கே மருத்துவ முகாம் நடக்கிறது. சர்க்கரை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், ஒரு ஈசிஜி எடுக்கிறார்கள், 'நார்மல்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சொந்தக் காசைப் போட்டு நல்ல மனதோடு செய்கிற காரியம்தான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அடுத்த முகாமுக்கு முன்பே அதை அடைத்துவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி, அந்தச் சில வினாடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற கரோனரிக் குழாய்களை அது பார்ப்பதில்லை. குழாய் எழுபது சதவீதம் சுருங்கியிருந்தாலும், சும்மா படுத்திருக்கிற ஆளின் இதயத்துக்கு வேண்டிய ரத்தம் போய்விடலாம். ஈசிஜியும் ஒழுங்காகவே வரலாம். மேடு ஏறும்போது, வேகமாக நடக்கும்போது, சுமை தூக்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும். காவடி எடுத்து நாள் கணக்கில் நடக்கப் போகிறவருக்கு எது தெரிய வேண்டுமோ, அதை அந்தச் சீட்டு சொல்வதே இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது கோட்டையூரில். போன முறை யாத்திரைக்காக நடந்து பழகிக்கொண்டிருந்த என் கணவர், கொஞ்சம் வேகம் பிடித்ததும் நடுநெஞ்சில் அழுத்துகிற மாதிரி இருக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்றார். ராத்திரி சாப்பிட்ட பலகாரம் செரிக்கவில்லை, வாயுதான் என்று அவரே முடிவு செய்து சுக்குத் தண்ணீர் குடித்தார். அப்புறம் முகாமுக்குப் போனார். ஈசிஜி நார்மல். நெஞ்சு அழுத்துகிறதா, எப்போது அழுத்துகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடமும் இல்லை. சீட்டு கைக்கு வந்த பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகனும் போனில், "அதான் நார்மல்னு சொல்லிட்டாங்களே ஆத்தா, ஏன் அப்பச்சியைப் பயமுறுத்துறீங்க?" என்றான்.

நான் விடவில்லை. காலமெல்லாம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்று ஒன்று ஒழுங்காக நடக்குமானால் அதற்குக் காரணம் இருந்தே தீர வேண்டும். பிடிவாதமாக மதுரைக்கு அழைத்துப்போய் ஓர் இதய மருத்துவரிடம் காட்டினேன். அவர் முதலில் கேட்டவை மூன்றே கேள்விகள். நெஞ்சிலோ கழுத்து, தாடை, தோள், கையிலோ இறுக்குகிற மாதிரி இருக்கிறதா? உடம்புக்கு வேலை கொடுக்கும்போது வருகிறதா? ஓய்வெடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் அடங்குகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றதும், இதை இதய வலி என்றே எடுத்துக்கொண்டு மேலே பார்ப்போம் என்றார். இந்தக் கேள்விகளைக் கேட்க மிஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் முகாமில் உட்கார்ந்து கேட்டுவிடலாம்.

அடுத்து எல்லோருக்கும் வந்த பயம் ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் விட்டு இதயம் வரை கொண்டுபோவது என்றாலே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். மேசையில் படுத்தால், சுருங்கிய குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைக்காமல் இறக்கமாட்டார்கள் என்ற பேச்சு வேறு. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள்; லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார்கள். முகப்பில் தொடங்கி அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் வயதான இரண்டு பேர் மட்டும் அந்த வலியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். இப்படிக் காத்திருந்து போனவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் மருத்துவர் "முதலில் சிடி ஸ்கேனிலேயே ஆஞ்சியோ பார்த்துவிடுவோம், குழாய் விட வேண்டியதில்லை" என்றபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

இந்தச் சோதனையைப் பற்றி எங்கள் பகுதியில் அதிகம் பேருக்குத் தெரியவில்லை. கேள்விப்பட்டவர்களும் தலைக்கு எடுக்கிற ஸ்கேன் மாதிரி என்று நினைத்துவிடுகிறார்கள். கருவியின் தத்துவம் ஒன்றுதான். ஆனால் கரோனரிக் குழாயின் உள் அகலம் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர். அதுவும் ஓயாமல் துடிக்கிற இதயத்தின் மேல் ஒட்டிக்கொண்டு கூடவே ஆடுகிறது. லண்டனில் 1971 அக்டோபரில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த ஹவுன்ஸ்பீல்டின் சிடி கருவிக்கு ஒரு சுற்றுக்கே சில நிமிடங்கள் தேவைப்பட்டன. அசையாத தலைக்கு அது போதும். (ஹவுன்ஸ்பீல்டு ஒரு பொறியாளர், டாக்டர் பட்டம் வாங்காதவர். அதற்கான கணக்கை அவருக்கு முன்பே தனியாகப் போட்டு வைத்திருந்த கார்மாக் இயற்பியல் படித்தவர். 1979-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு இந்த இருவருக்கும் கிடைத்ததை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.) துடிக்கிற இதயத்தைக் கலங்காமல் பிடிக்கும் வேகம் வருவதற்கு அதன் பிறகும் முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. 2004 வாக்கில், ஒரே சுற்றில் 64 துண்டுப் படங்கள் எடுக்கும் '64 வரிசை'க் கருவிகள் வந்த பிறகே மருத்துவர்கள் இதைத் தினசரி வேலைக்கு நம்பத் தொடங்கினார்கள்.

எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயம் குறையும். ஊஞ்சல் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பும் முன் ஒரு கணம் நிற்குமே, அப்போது படமெடுத்தால் கலங்காது. இதயமும் இரண்டு துடிப்புக்கு நடுவே அப்படி ஒரு கணம் தளர்ந்திருக்கும். நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி வயர் அந்தக் கணத்தைக் கருவிக்குக் காட்டிக்கொடுக்கிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு அறுபது, அறுபத்தைந்துக்குள் இருந்தால் அந்த ஓய்வு நேரம் நீளும். அதனால் துடிப்பைக் குறைக்க முன்கூட்டியே மாத்திரை கொடுக்கிறார்கள், காபி வேண்டாம் என்கிறார்கள். குழாய்கள் விரிவதற்கு நாக்குக்கு அடியில் ஒரு மருந்து. பிறகு கை நரம்பில் அயோடின் சேர்ந்த மருந்தை வேகமாக ஏற்றுகிறார்கள். அப்போது உடம்பெல்லாம் ஒரு சூடு பரவும். சில வினாடிகளில் போய்விடும். மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பதும் சில வினாடிதான். தயார் செய்வதற்குத்தான் நேரம் ஆகிறது. என் கணவர் அன்று மாலையே கோட்டையூர் வந்து தன் கட்டிலில் படுத்துவிட்டார்.

முன்பே ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்குமா என்று தெரிந்துகொள்கிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், அயோடின் மருந்து ஏற்கெனவே ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். கதிர்வீச்சைப் பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல கருவியில், துடிப்பு ஒழுங்காக இருக்கும் ஆளுக்கு, சில மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் முடித்துவிடுகிறார்கள். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் நம் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நெஞ்சு வலிக்கிற ஆள் இதற்குப் பயந்து சோதனையைத் தவிர்ப்பது சரியான கணக்கு ஆகாது.

என் கணவரின் படத்தில் இதயத்தின் முன்பக்கம் இறங்குகிற குழாயின் நடுப்பகுதி சுமார் அறுபது சதவீதம் சுருங்கியிருந்தது. இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் கொடுக்கும் முக்கியக் குழாயான இடது தலைக்குழாய் சுத்தமாக இருந்தது. வேறு இரண்டு இடங்களில் குழாயைச் சுருக்காமல் சுவருக்குள்ளேயே கொழுப்பு படிந்திருந்தது. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் புதிது. குழாய் விட்டு எடுக்கிற ஆஞ்சியோவில் ரத்தம் ஓடுகிற பாதை தெரியும். பாதை சுருங்காதவரை சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது அதில் சாதாரணமாகத் தெரியாது. சிடியில் சுவரும் தெரிகிறது. மாரடைப்பு பல நேரம் பெரிய அடைப்பில் வருவதில்லை. பாதையை அவ்வளவாகச் சுருக்காத ஒரு கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து வருகிறது. சோதனையின் பெரிய பயனே அந்தப் படிவு இருக்கிறது என்று முன்கூட்டித் தெரிந்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் போன்ற மாத்திரையை உரிய நேரத்தில் ஆரம்பிப்பதுதான்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் நெஞ்சு வலி என்று வந்த 4,146 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு சிடி ஆஞ்சியோவும் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்காட்-ஹார்ட் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். ஐந்தாண்டு முடிவு 2018-இல் வந்தது. சிடி பார்க்காதவர்களில் 3.9 சதவீதம் பேருக்கு மாரடைப்போ, இதய நோயால் மரணமோ நேர்ந்தது. சிடி பார்த்தவர்களில் 2.3 சதவீதம். ஆயிரம் பேருக்கு 39 என்பது 23 ஆகியிருக்கிறது. சிடி பார்த்தவர்களுக்கு அதிகமாக ஆஞ்சியோவோ ஸ்டென்டோ செய்து வந்த பலன் இல்லை இது. ஐந்தாண்டுக் கணக்கில் அவை இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நோய் கண்ணுக்குத் தெரிந்ததால் மருத்துவர்கள் உரிய மாத்திரையைக் கூடுதலாக எழுதியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-லேயே இப்படிப்பட்ட நெஞ்சு வலிக்கு முதல் சோதனையாக இதைப் பரிந்துரைத்துவிட்டது. 2022-இல் வந்த டிஸ்சார்ஜ் என்ற ஐரோப்பிய ஆய்வு, 3,561 பேரில் சிடியையும் குழாய் ஆஞ்சியோவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. சோதனையாலும் அதைத் தொடர்ந்த சிகிச்சையாலும் வந்த பெரிய சிக்கல்கள் மட்டும் குழாய்ப் பிரிவில் 1.9 சதவீதம், சிடிப் பிரிவில் 0.5 சதவீதம்.

எங்களுக்கு ஸ்டென்ட் வேண்டாமா என்று கேட்டேன். 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வை மருத்துவர் எடுத்துச் சொன்னார். இந்தியாவும் பங்கெடுத்த ஆய்வு, 5,179 நோயாளிகள். பெரும்பாலானவர்களுக்குத் தலைக்குழாயில் அடைப்பு இல்லை என்று சிடியில் உறுதி செய்த பிறகு, ஒரு பிரிவுக்கு மருந்தோடு ஆரம்பித்தார்கள். இன்னொரு பிரிவை உடனே குழாய் ஆஞ்சியோவுக்கும், தேவையானால் ஸ்டென்ட், பைபாஸுக்கும் அனுப்பினார்கள். மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வலி அதிகம் உள்ளவர்களுக்கு இரண்டாவது வழியில் நல்ல நிவாரணம் கிடைத்தது. ஆகவே முதலில் மாத்திரை, வலி அடங்காவிட்டால் அப்போது பார்ப்போம் என்றார். அந்தத் தை மாதம் என் கணவர் நடக்கவில்லை. இப்போது அழுத்தம் இல்லாமல் காலையில் நடக்கிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லோரும் சிடி எடுக்க ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லும் பேக்கேஜ் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் பெற்றோருக்குப் பரிசாக அதை வாங்கிக் கொடுப்பது எங்கள் பக்கம் தொடங்கியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தொந்தரவு இல்லாத, ஆனால் சர்க்கரையோ குடும்பத்தில் இதய நோயோ உள்ள ஒருவருக்கு ஸ்டாட்டின் தேவையா என்று மருத்துவர் தடுமாறினால், மருந்து ஏற்றாமல் எடுக்கிற கால்சியம் ஸ்கோர் என்ற எளிய ஸ்கேன் இருக்கிறது, அது வேறு. அதில் பூஜ்யம் வந்தாலும், நடக்கும்போது நெஞ்சு அழுத்துகிறவர் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சுண்ணாம்பு ஏறாத மென்மையான படிவு அதில் தெரியாது. அதேபோல, குழாய்களில் சுண்ணாம்பு நிறையப் படிந்தவர்கள், துடிப்பு தாறுமாறாக உள்ளவர்கள், சிறிய ஸ்டென்ட் ஏற்கெனவே வைத்தவர்கள் ஆகியோருக்கு சிடிப் படம் தெளிவாக வராமல் போகலாம். அவர்களுக்கு வேறு சோதனையோ குழாய் ஆஞ்சியோவோதான் நல்லது.

இன்னொன்று மிக முக்கியம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுகி, வியர்த்துக் கொட்டி, கால் மணி நேரம் ஆகியும் விடாமல் இருந்தால் அது சிடிக்குக் காத்திருக்கிற நேரம் கிடையாது. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். யாத்திரை வழியில் எந்த ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது என்று ஒவ்வொரு குழுத் தலைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர்ப் பந்தல் எங்கே என்று தெரிகிற அளவுக்கு இதுவும் தெரிய வேண்டும்.

இனி நான் கேட்பது. முகாம் நடத்தும் நகரத்தார் சங்கங்களும் மற்ற அமைப்புகளும் படிவத்தில் அந்த மூன்று கேள்விகளையும் முதலில் போடுங்கள். பெண்களிடம் கூடுதலாக, நடந்தால் வழக்கத்துக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, காரணம் இல்லாத அசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். யாத்திரையில் நடப்பதோடு இரவில் சமையலுக்கும் நிற்கிற ஆச்சிகள் தங்கள் வலியைச் சொல்லவே மாட்டார்கள், கேட்டால்தான் வரும். ஆமாம் என்று சொல்கிறவரின் ஈசிஜி எவ்வளவு நன்றாக இருந்தாலும் 'நார்மல்' என்று சீட்டு கொடுக்காதீர்கள். இதய மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் சிடி ஆஞ்சியோ வேண்டும் என்று எழுதி, குடும்பத்தால் செலவு செய்ய முடியாது என்றால், அந்தச் செலவை முகாம் நிதியிலிருந்து கொடுங்கள். எல்லோருக்கும் ஈசிஜி எடுக்கிற பணத்தை இப்படி உண்மையிலேயே தேவைப்படும் சிலருக்குத் திருப்பினால் பலன் அதிகம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இங்குள்ள அரசு மருத்துவமனையிலேயே, வாரத்தில் குறித்த நாளில், அரசுக் கட்டணத்தில் இந்தச் சோதனை நடக்க வேண்டும். வெறும் ஸ்கேன் மிஷின் போதாது. 64 வரிசைக்குக் குறையாத கருவி, ஈசிஜியோடு சேர்த்து எடுக்கப் பழகிய டெக்னீஷியன், இதயப் படத்தைப் படிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் முடிவை நம்பலாம். சரியாகப் படிக்காத ரிப்போர்ட், ஒன்றுமில்லாதவரைக் குழாய் ஆஞ்சியோவுக்கும் நோய் உள்ளவரை வீட்டுக்கும் அனுப்பிவிடும். அரசு ஒரு பங்கு போட்டால் மறு பங்கு போட இந்த ஊரில் ஆட்கள் இருப்பார்கள். மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் கொடுத்த ஊர் இது. கோயில் திருப்பணிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இன்றைக்கும் தாராளமாகக் கொடுக்கிறவர்கள், ஒரு டெக்னீஷியனின் பயிற்சிச் செலவையும் ஒரு மருத்துவரின் பயிற்சிச் செலவையும் ஏற்றுக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

தங்கள் நாளிதழ் எங்கள் பகுதியில் காலையில் வீட்டுக்கு வீடு விழுகிறது. பூசத்துக்கு முன்பு ஏதாவது ஒரு நாள், அந்த மூன்று கேள்விகளையும் 108 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து முகாம்களில் படிவம் நிரப்ப ஆள் தேவைப்பட்டால், நானும் என்னோடு பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலரும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.